பல் வலிக்குத் தடவும் மருந்து: எத்தனை துளி வரை பத்திரம்?

மாசி மாதம் பிறந்தால் மண்டைக்காட்டில் கொடை. பகவதி அம்மன் கோவிலில் பத்து நாள் திருவிழா. கேரளத்திலிருந்தும் பெண்கள் இருமுடி கட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாக வருவார்கள். "பெண்களின் சபரிமலை" என்றே இந்த ஊருக்கு ஒரு பெயர் உண்டு.

இந்தக் கோவிலில் ஒரு நேர்ச்சை மிகவும் பிரசித்தம். தலைவலி தீர வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள் அம்மனுக்கு மண்டையப்பம் படைப்பார்கள்.

தலைவலிக்கு மண்டையப்பம். பல் வலிக்கு?

பல் வலிக்குக் கிராம்பு! அதற்கும் இந்த மாவட்டத்தில் குறைவில்லை. மண்டைக்காடு கடலோர ஊர். மணவாளக்குறிச்சிக்கும் கொளச்சலுக்கும் நடுவே இருக்கிறது. மாவட்டத்தின் மறு பக்கம் முழுவதும் மலை. அங்கே மாறாமலையில் கிராம்புத் தோட்டங்கள் உண்டு. "கன்னியாகுமரி கிராம்பு" என்று அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பூ விரியும் முன்பே மொட்டைப் பறித்துக் காயவைத்தால் கிராம்பு. அதை வடித்து எடுத்தால் கிராம்புத் தைலம்.

ராத்திரி பத்து மணிக்குப் பல் வலி எடுத்தால் எந்த டாக்டரைத் தேடுவது? பஞ்சில் ஒரு துளி தைலம் தொட்டுச் சொத்தைப் பல்லில் வைத்தால் போதும். முதலில் சுரீர் என்று காந்தும். பிறகு அந்த இடம் மரத்துப் போகும். வலி அடங்கித் தூக்கம் வந்துவிடும்.

"பாட்டி காலத்து மருந்து. மேலே தடவுகிற மருந்து. வயிற்றுக்குள் போகாத மருந்து. இதனால் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது?" என்றுதான் பெரும்பாலான வீடுகளில் கேட்பார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் 1993-ஆம் ஆண்டு இங்கிலாந்து நாட்டு மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஒரு செய்தி, அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொல்கிறது.

ஒரு கரண்டித் தைலம்

இரண்டு வயதுக் குழந்தை அது. கையில் கிடைத்த கிராம்புத் தைலத்தைக் குடித்துவிட்டது. குடித்தது 5 மில்லியிலிருந்து 10 மில்லி வரை இருக்கும். அதாவது தேக்கரண்டியால் ஒன்று அல்லது இரண்டு.

சில மணி நேரத்தில் குழந்தை நினைவு இழந்தது. வலிப்பு வந்தது. ரத்தம் உறையும் சக்தி கெட்டது. கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. தீவிர சிகிச்சை செய்து, டாக்டர்கள் பிழைக்க வைத்தார்கள்.

கிராம்பில் உள்ள முக்கியச் சத்துக்கு யூஜினால் என்று பெயர். பஞ்சில் ஒரு துளி இருக்கும்போது அது வலியை அடக்குகிறது. பல் டாக்டர்களே துத்தநாகப் பொடியோடு யூஜினாலைக் குழைத்துப் பல் குழியில் அடைக்கிறார்கள். அதே பொருள் ஒரு கரண்டி அளவில் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் உயிருக்கு உலை வைக்கிறது.

துளியிலும் தொல்லை உண்டு. தைலத்தை நீர்க்காமல் அப்படியே ஈறில் திரும்பத் திரும்பத் தடவினால் ஈறு வெந்து புண்ணாகும். மரத்துப்போன இடம் என்பதால் வெந்தது உடனே தெரியாது!

மேலே தடவிய மருந்து உள்ளே எப்படிப் போகிறது? கையில் உள்ள தோல் தடிப்பானது. வாயின் உட்புறத் தோல் அப்படி அல்ல. மெல்லியது, எப்போதும் ஈரமாக இருப்பது. அதன் அடியிலேயே நுண்ணிய ரத்தக் குழாய்கள் நெருங்கி ஓடுகின்றன. ஈறில் தடவியதில் ஒரு பங்கு நேராக ரத்தத்தில் கலக்கும். ஒரு பங்கு எச்சிலோடு வயிற்றுக்குப் போகும். "தடவுகிற மருந்துதானே" என்பது கைக்குப் பொருந்தும். வாய்க்குப் பொருந்தாது.

தவளை, முயல், பிறகு தன் கண்!

மரத்துப் போகச் செய்யும் மருந்து நன்றாக வேலை செய்தால் மட்டும் போதாது. அது பத்திரமானதா என்றும் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது பாடத்தை மருத்துவ உலகம் பெரிய விலை கொடுத்தே கற்றது.

1884-ஆம் ஆண்டு. ஆஸ்திரிய நாட்டு வியன்னா நகரில் கார்ல் கோலர் என்ற இளம் கண் டாக்டர் இருந்தார். கொக்கேய்ன் என்ற பொருள் நாக்கை மரக்கச் செய்கிறது என்பது அப்போதே தெரியும். "நாக்கை மரக்கச் செய்தால் கண்ணையும் மரக்கச் செய்யாதா?" என்று அவர் யோசித்தார். ஒரு தவளையின் கண்ணில் அந்த மருந்தை விட்டார். கண்ணைத் தொட்டுப் பார்த்தார். தவளை அசையவில்லை! அடுத்தது முயல். அதற்கடுத்தது நாய். கடைசியில் தன் கண்ணிலேயே விட்டுக்கொண்டு, குண்டூசித் தலையால் கண்மணியைத் தொட்டார். வலியே இல்லை.

அந்தச் செய்தி காட்டுத் தீ போல் பரவியது. அதே ஆண்டு முடிவதற்குள் அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணரும் அவருடைய கூட்டாளிகளும் கொக்கேய்னை ஊசியில் ஏற்றிக் கீழ்த்தாடை நரம்பருகே செலுத்தினார்கள். தாடையின் ஒரு பக்கம் முழுவதும் மரத்தது. பல் பிடுங்கும்போது அலற வேண்டியதில்லை என்ற காலம் பிறந்தது.

ஆனால் ஹால்ஸ்டெட் அந்த மருந்தைத் தன் உடம்பிலேயே ஏற்றி ஏற்றிச் சோதித்தார். அதற்கே அடிமையானார். மகா கெட்டிக்காரரான அந்த டாக்டரின் வாழ்க்கையை அந்தப் பழக்கம் பிடித்து ஆட்டியது. கொக்கேய்ன் ஊசி போட்ட நோயாளிகளில் இறந்தவர்களும் உண்டு. "வலி போயிற்று, ஆளும் போனான்" என்கிற நிலை!

ஆகவே வேறு மருந்தைத் தேடினார்கள். 1905-இல் ஜெர்மனியில் நோவோகெய்ன் வந்தது. அடிமையாக்கும் குணம் இதற்கு இல்லை. சிலருக்கு ஒவ்வாமை வந்தது. தேட்டம் தொடர்ந்தது.

அடுத்த கதை சுவீடன் நாட்டில். 1935-ஆம் ஆண்டு ஹோல்கர் எர்ட்மான் என்ற ரசாயன நிபுணர், பார்லிப் பயிரில் உள்ள ஒரு பொருளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். அது போன்ற இன்னொரு பொருளைத் தயாரித்து, அந்தக் கால வழக்கப்படி நாக்கில் வைத்து ருசி பார்த்தார். நாக்கு மரத்துப் போயிற்று! இன்று எந்த ஆராய்ச்சிக் கூடத்திலும் இப்படி ருசி பார்த்தால் வேலை போய்விடும். அன்று அந்த ருசிதான் வழி காட்டியது.

அவருடைய மாணவர் நில்ஸ் லோஃப்கிரன் பல கலவைகளைச் செய்து பார்த்தார். 1943-இல் ஒன்று தேறியது. பெங்ட் லுண்ட்கிவிஸ்ட் என்ற இளைஞர் அதைத் தன் உடம்பிலேயே குத்திச் சோதித்தார். 1948-இல் அது விற்பனைக்கு வந்தது. அதுதான் லிக்னோகெய்ன். இன்று நாகர்கோவிலிலும் நியூயார்க்கிலும் பல் டாக்டர் போடும் மரப்பு ஊசியில் பெரும்பாலும் இருப்பது இந்த மருந்துதான். ஈறில் தடவும் களிம்பாகவும், அடிக்கும் ஸ்பிரேயாகவும் வருவதும் இதுவே.

இன்று எப்படிச் சோதிக்கிறார்கள்?

நாக்கில் வைத்துப் பார்ப்பதும் தன்னைத் தானே குத்திக்கொள்வதும் போயிற்று. இப்போது முறையே வேறு.

முதலில் பிராணிகளிடம் சோதனை. பிறகு ஆரோக்கியமான சில மனிதர்களுக்கு, அவர்கள் சம்மதத்தோடு, மிகக் குறைந்த அளவில். பிறகு நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்கு. மருந்து கடைக்கு வந்த பிறகும் கண்காணிப்பு உண்டு.

வலியை அளப்பது எப்படி? ஜுரத்துக்குக் கருவி உண்டு. வலிக்குக் கருவி கிடையாது. ஒரு கோடு போட்டுக் காட்டுவார்கள். ஒரு முனை "வலியே இல்லை". மறு முனை "தாங்க முடியாத வலி". நோயாளி தன் வலி எங்கே என்று கோட்டில் குறிக்க வேண்டும். குழந்தைகளுக்கு, சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரை படங்கள். எந்த முகம் உன் முகம் என்று கேட்டால் குழந்தை விரலால் தொட்டுக் காட்டும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மருந்து என்று சொல்லி வெறும் பசையைத் தடவினாலும் சிலருக்கு வலி குறைந்தது போல் தோன்றும். ஆகவே சிலருக்கு மருந்தையும் சிலருக்கு வெறும் பசையையும் தடவுவார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்குத் தெரியாது. பல சோதனைகளில் டாக்டருக்கும் தெரியாது!

பாட்டி வைத்தியமான கிராம்பும் இப்படித் தேர்வு எழுதியிருக்கிறது. குவைத் நாட்டில் செய்த சோதனை அது. 2006-இல் முடிவு வெளியாயிற்று. 73 பேர் தாமாக முன்வந்தார்கள். அவர்கள் ஈறில் கிராம்புக் களிம்பையும், பென்சோகெய்ன் என்ற மருந்துக் களிம்பையும், வெறும் பசையையும் தடவி, ஊசியால் குத்திப் பார்த்தார்கள். கிராம்பு, பென்சோகெய்ன் இரண்டுமே ஊசி வலியைக் குறைத்தன. இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை!

பாட்டி ஜெயித்தாள். ஆனால் அது பெரியவர்களிடம், அளந்து எடுத்த களிம்பைக் கொண்டு, டாக்டர்கள் கண் முன்னே நடந்த சோதனை என்பதை மறக்கக் கூடாது.

நம் நாட்டில் மனிதர்களிடம் மருந்தைச் சோதிக்கச் சட்டம் உண்டு. 2019-ஆம் ஆண்டின் விதிகள் இப்போது அமலில் இருக்கின்றன. சோதனைக்கு முன்னால் ஒரு நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும். குழுவில் குறைந்தது ஏழு பேர். எல்லோரும் டாக்டர்கள் அல்ல. சட்டம் தெரிந்தவர் ஒருவர், வைத்தியம் தெரியாத சாதாரண மனிதர் ஒருவர், பெண் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். நோயாளிக்குப் புரியும் மொழியில் விவரம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். சோதனையால் கெடுதல் வந்தால் வைத்தியமும் நஷ்ட ஈடும் உண்டு. கல்லூரி ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், "இது என்ன சோதனை? வேண்டாம் என்றால் எனக்கு வழக்கமான சிகிச்சை உண்டா?" என்று கேட்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு. கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டியதே இல்லை.

பச்சைக் குழந்தையின் ஈறில்

பல் முளைக்கும் குழந்தை ராவெல்லாம் அழும். தாய் என்ன செய்வாள்? அடுத்த வீட்டு அக்கா சொன்ன களிம்பை வாங்கி ஈறில் தடவுவாள். இங்கேதான் பெரிய அபாயம் ஒளிந்திருக்கிறது.

குவைத்தில் தேர்வு பெற்ற அதே பென்சோகெய்னை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ரத்தத்தில் ஒரு சிவப்புப் பொருள் உண்டு. பிராணவாயுவைச் சுமந்து செல்வது அதன் வேலை. பென்சோகெய்ன் சிலருக்கு அந்தப் பொருளையே மாற்றிவிடும். பிறகு அதனால் பிராணவாயுவைச் சுமக்க முடியாது. ரத்தம் சாக்லேட் நிறமாகும். உதடும் நகமும் நீலம் பாயும். மூச்சு வாங்கும். சிசுக்களுக்கு இந்த அபாயம் அதிகம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போனால் மாற்று மருந்து உண்டு. அது ஒரு நீலச் சாயம்! மெதிலீன் புளூ என்று பெயர்.

1971-க்குப் பிறகு இப்படி 400-க்கும் மேற்பட்ட சம்பவங்கள் தெரியவந்ததாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கணக்கெடுத்தது. 2018 மே மாதம், பல் முளைக்கும் குழந்தைகளுக்கான பென்சோகெய்ன் களிம்புகளை விற்க வேண்டாம் என்று கம்பெனிகளுக்குச் சொல்லிவிட்டது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அது கூடவே கூடாது.

லிக்னோகெய்னும் விலக்கல்ல. வாய்க்குள் தடவும் கெட்டித் திரவத்தால் குழந்தைகளுக்கு வந்த 22 கடுமையான கேடுகளை 2014-இல் அதே நிர்வாகம் ஆராய்ந்தது. அவற்றில் மரணங்களும் இருந்தன. ஐந்து மாதச் சிசுவும் அந்தப் பட்டியலில் உண்டு.

இன்னொன்று, வாய்ப் புண்ணுக்கென்று நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் களிம்புகள் சிலவற்றில் உள்ள கோலின் சாலிசிலேட். இது ஆஸ்பிரினுக்கு உறவு. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் என்ற அபூர்வ நோய்க்கு இது இடம் தரலாம் என்ற அச்சத்தால், 16 வயதுக்குக் கீழே இதைத் தடவக் கூடாது என்று பிரிட்டனில் 2009-இல் அறிவித்தார்கள்.

அப்படியானால் அழும் குழந்தைக்கு என்ன செய்வது? கையை நன்றாகக் கழுவி, விரலால் ஈறை மெல்ல நீவிவிடலாம். சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துக் கடிக்கக் கொடுக்கலாம். காசு செலவில்லாத வைத்தியம்!

டாக்டர் போடும் கணக்கு

பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்தால் முதலில் ஈறில் களிம்பு அல்லது ஸ்பிரே. பிறகு ஊசி. இதற்கெல்லாம் ஒரு கணக்கு உண்டு. எடைக்குத் தக்கபடி மருந்து.

குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு 4.4 மில்லிகிராம் லிக்னோகெய்னுக்கு மேல் போகக் கூடாது என்பது பல் டாக்டர்கள் பின்பற்றும் எச்சரிக்கையான எல்லை. 10 கிலோ குழந்தை என்றால் 44 மில்லிகிராம். வழக்கமான 2 சத மருந்தில், ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் இருக்கும். ஆக, அந்தக் குழந்தைக்கு 2 மில்லியோடு ஏறக்குறைய எல்லை முடிந்துவிடுகிறது! 60 கிலோ எடையுள்ள தந்தைக்கு அதே கணக்கில் 13 மில்லி தாங்கும்.

ஸ்பிரேயும் இந்தக் கணக்கில் சேரும். 10 சத ஸ்பிரேயை ஒரு முறை அழுத்தினால் 10 மில்லிகிராம் வரும். "ஸ்பிரேதானே" என்று நாலு முறை அடித்துவிட்டால், அந்தச் சின்னக் குழந்தைக்கு ஊசி போட இடமே இல்லை.

அளவு மீறினால் என்ன ஆகும்? காது இரையும். நாக்கில் உலோக ருசி தட்டும். தலை சுற்றும். உடம்பு வெட்டி இழுக்கும். மேலும் போனால் இதயம் தடுமாறும். இதற்காகவே ஊசியில் சிறிது அட்ரினலினைச் சேர்க்கிறார்கள். 80,000-க்கு 1 என்ற விகிதம். அது ரத்தக் குழாயைச் சுருக்கி, மருந்தைப் போட்ட இடத்திலேயே பிடித்து வைக்கும். டாக்டர் ஊசியைக் குத்தியதும் பின்தண்டை ஒரு முறை லேசாகப் பின்னால் இழுப்பார். ரத்தம் வருகிறதா என்று பார்ப்பார். வந்தால் ஊசி முனை ரத்தக் குழாய்க்குள் இருக்கிறது என்று பொருள். அங்கே மருந்தைச் செலுத்த மாட்டார். கவனித்துப் பார்த்தால் இது நோயாளிக்கே தெரியும்.

கையில் ஒரு சொட்டு "டெஸ்ட் ஊசி" போட்டுப் பார்க்கும் வழக்கமும் நம் ஊரில் பல இடங்களில் உண்டு. அது ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கும் முயற்சி. லிக்னோகெய்னுக்கு உண்மையான ஒவ்வாமை மிக மிக அபூர்வம். முன்பு எப்போதாவது இந்த ஊசியால் தடிப்போ மூச்சுத் திணறலோ வந்தவர்களுக்குச் சோதனை அவசியம். ஆனால் டெஸ்ட் ஊசியில் ஒன்றும் ஆகவில்லை என்பதால் எவ்வளவு மருந்தும் தாங்கும் என்று பொருள் இல்லை. அளவு மீறினால் வரும் கேட்டை அந்த ஒரு சொட்டு காட்டிக் கொடுக்காது.

நாற்காலியில் அதிகம் நடப்பது வேறு ஒன்று. பயத்தால் வரும் மயக்கம்! கொடைக்கு விரதம் இருந்து, வெறும் வயிற்றோடு, நடுங்கிக்கொண்டே போய் உட்கார்ந்தால் ஊசியைக் கண்டதும் தலை சுற்றுவது அதிசயமா? ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. இதய நோய், ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா, கர்ப்பம், தினமும் சாப்பிடும் மாத்திரை, எல்லாவற்றையும் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

மருந்து நல்லது, புட்டி?

மருந்து எத்தனை சோதனையில் தேறினாலும், அது இருக்கும் புட்டியில் கிருமி புகுந்தால் எல்லாம் வீண். இது வெறும் பேச்சு அல்ல. தமிழ்நாட்டிலேயே நடந்தது.

2022–23-இல் வாணியம்பாடியில் ஒரு பல் சிகிச்சை நிலையத்தோடு தொடர்புடைய 10 பேருக்கு மூளையைத் தாக்கும் நோய் வந்தது. 8 பேர் இறந்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்களும் மற்ற ஆய்வாளர்களும் துருவி ஆராய்ந்தார்கள். முடிவு 2025-இல் வெளியாயிற்று. அங்கே குற்றவாளி மரப்பு மருந்து அல்ல. வாய் கழுவும் உப்பு நீர்! அறுவைக் கருவியால் திறந்த புட்டியைச் சரியாக மூடாமல் மறுபடியும் மறுபடியும் பயன்படுத்தியதை அவர்கள் கண்டார்கள்.

மரப்பு மருந்தும் நம் நாட்டில் 30 மில்லிக் குப்பியில் வருவது உண்டு. ஒரே குப்பி பல பேருக்கு. ஒவ்வொருவருக்கும் புதிய ஊசி, புதிய சிரிஞ்சு. உறையைத் தன் கண் முன்னால் பிரிக்கச் சொல்வதில் வெட்கம் எதற்கு?

வீட்டில் நடக்கும் ஒரு தவறும் உண்டு. பல் வலிக்கு ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரம் ஒதுக்கி வைத்துக்கொள்வது. மாத்திரை வலியை அடக்குவது ரத்தத்தில் கலந்த பிறகுதான். ஈறோரம் வைத்தால் அது அமிலமாகச் சுடும். அந்த இடம் வெள்ளையாக வெந்து தோல் உரியும். சொத்தைக்கு வைத்தியம் பார்க்கப் போனவர் புண்ணுக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டியதாகும்.

எந்த மருந்தாலும் கேடு வந்ததாகச் சந்தேகம் இருந்தால் பொதுமக்களே தெரிவிக்கலாம். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 முதல் நடக்கிறது. 1800-180-3024 என்ற எண்ணுக்குக் கட்டணம் இல்லை. மருந்தின் பெயர் வேண்டும் என்பதால் டப்பாவை எறிந்துவிடக் கூடாது.

குழந்தைக்கு மரப்பு ஊசி போட்டு வீட்டுக்கு அழைத்து வந்த பிறகும் தாய்க்கு வேலை இருக்கிறது. உதடும் நாக்கும் இரண்டு மூன்று மணி நேரம் மரத்தே இருக்கும். தன் உதடு என்று தெரியாமல் குழந்தை அதை மென்றுவிடும். காலையில் பார்த்தால் உதடு வீங்கிப் புண்ணாகி இருக்கும். தாய் பதறி, ஊசிதான் விஷமாகிவிட்டது என்று டாக்டரிடம் ஓடுவாள். உணர்ச்சி திரும்பும் வரை முறுக்கும் வேண்டாம், அப்பமும் வேண்டாம், கஞ்சி போதும்.